மருந்து உறைந்த பெட்டி

எங்கள் ஊர் குளிர்சாதன மெக்கானிக்குகள் சங்கம் இந்த வருடம் ஒரு மலர் போடுகிறது. சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்து, "கடைங்கள்ல இருக்கிற ஃபிரிட்ஜுக்கு வழக்கமா வர்ற கோளாறு இன்னா, அத்த எப்படிக் கண்டுபுடிக்கிறது, எப்படி சரி பண்றதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்கண்ணே. உங்க சர்வீஸ்ல பார்த்த கேஸ் ஏதாவது இருந்தா அத்தயும் சேர்த்துக்கோங்க" என்றார். எழுதுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். கோளாறுகளைப் பற்றி ஒரே காலையில் எழுதி முடித்துவிட்டேன். கேஸ் என்று யோசித்தபோது ஒன்றுதான் முன்னால் வந்து நின்றது. அதை எழுதுவதா வேண்டாமா என்பதிலேயே ஒரு வாரம் போயிற்று.

கேட்டதை முதலில் கொடுத்துவிடுகிறேன். கடைப் பெட்டி குளிரவில்லை என்று கூப்பிட்டால், பெரும்பாலும் காரணம் அழுக்கு, கதவு, கரண்ட் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பெட்டியின் சூட்டை வெளியே தள்ளுவது கண்டென்சர். அதன் தகடுகளுக்கு நடுவே காற்று போக வழியில்லை என்றால் கம்ப்ரசர் நாள் முழுக்க ஓடினாலும் உள்ளே குளிராது. திருத்தணி மலையடிவாரத்துக் குளிர்பானக் கடைகளில் நான் பிரஷ் போட்டு இழுத்தபோது தூசி வந்ததைவிட முடி வந்ததுதான் அதிகம். மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிற ஜனங்களின் துண்டிலும் தோளிலும் ஒட்டிவருகிற முடியை ஃபேன் உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்பக்கம் கம்பளி போர்த்திய மாதிரி இருக்கும். ஆர்.கே.பேட்டைப் பக்கம் போனால் அதே இடத்தில் தறிப் பஞ்சு.

கதவுக்கு ஒரு பஸ் டிக்கெட் போதும். இடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் செத்துவிட்டது. வெந்நீரில் நனைத்த துணியால் ஒற்றிக் கொடுத்தால் சில ரப்பர் மறுபடி உப்பிக்கொள்ளும், சில உப்பாது. கரண்ட் விஷயத்தில் காதுதான் மீட்டர். கம்ப்ரசர் கிளம்பப் பார்த்து, முனகி, 'டிக்' என்று நின்றுபோனால் உடனே கம்ப்ரசர் போய்விட்டது என்று சொல்லிவிடக் கூடாது. விசைத்தறிகள் ஒன்றாக ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால்தான் காஸ் பக்கம் போகலாம். ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை வைத்து, குமிழி வருகிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

குளிரவில்லை என்கிற புகாருக்கு இப்படி நிறையச் சொல்லலாம். அதிகமாகக் குளிர்கிறது என்று யாரும் கூப்பிடுவதில்லை. நான் சொல்லப்போவது அப்படி யாரும் கூப்பிடாத ஒரு பெட்டியைப் பற்றி.

அறுபதுகளின் கடைசியில் சென்னையில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். பெட்டிகளை விற்று, அவர்களே சர்வீஸும் பார்க்கிற கம்பெனி. இரண்டு வருடம் பட்டறையில் செப்புக் குழாய் வளைத்தேன், பற்ற வைத்தேன், சுட்டுக்கொண்டேன். சர்வீஸ் மேனேஜர் பெயர் மாசிலாமணி. வெள்ளைச் சட்டை, மடித்துவிடாத கை. கஸ்டமர் கடையில் உட்கார மாட்டார், தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார். பெட்டியின் முன்னால் போய் நின்றால் ஐந்து நிமிடம் கருவிப் பையைத் திறக்கவே விடமாட்டார். கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி கம்ப்ரசர் எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் ஓய்கிறது என்று குறிப்பார். பிறகு புறங்கையால் குழாய்களைத் தொடுவார். போகிற குழாய் சுட வேண்டும், வருகிற குழாய் லேசாக வியர்த்திருக்க வேண்டும். அப்புறம் கடைக்காரரிடம் ஒரே கேள்வி: "கடைசியா எப்ப நல்லா இருந்துச்சு?" பதிலுக்குத் தலையசைக்க மாட்டார். எழுதிக்கொள்வார்.

அவர் அச்சடிக்க வைத்த ஜாப் கார்டில் மற்ற கம்பெனிகளில் இல்லாத ஒரு கட்டம் இருந்தது. புகார், பார்த்தது, செய்தது ஆகியவற்றுக்குக் கீழே, 'பார்க்காமல் விட்டது'. நேரமில்லாமலோ சாமான் இல்லாமலோ எதை விட்டுவிட்டு வந்தோமோ, அதை அங்கே எழுத வேண்டும். அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "எல்லாத்தையும் பார்த்தியா? சரி. உன் கையெழுத்து" என்பார். பாராட்டா எச்சரிக்கையா என்று கடைசிவரை எனக்குப் புரிந்ததில்லை.

திருத்தணி லைனுக்கு ஆள் வேண்டும் என்றபோது யாரும் கை தூக்கவில்லை. ஆர்.கே.பேட்டைக்கு அந்தப் பக்கம் என் ஊர் என்பதால் என் பேரை எழுதிவிட்டார்கள். ஊரில் அப்போது எனக்கென்று யாருமில்லை. அப்பா, அம்மா இரண்டு பேரும் போய்விட்டிருந்தார்கள். நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான், அவனுக்கே குடும்பம் பெரிது. ஸ்டேஷன் பக்கம் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். ஆந்திர எல்லைவரை இருக்கிற கடைகள், ஓட்டல்கள், பால் டிப்போக்கள் எல்லாம் என் பொறுப்பு. பஸ்ஸில் போவேன், மடியில் கருவிப் பை, காலடியில் காஸ் சிலிண்டர்.

இந்த வேலையில் ஒன்று உண்டு. போகும்போது கடைக்காரர் கோபமாக இருப்பார். பால் திரிந்திருக்கும், ஐஸ் உருகியிருக்கும். வேலை முடிந்ததும் முகம் மலரும். அந்த முகம் மலர்ந்த பிறகு நமக்கு அங்கே இடமில்லை. வருடக்கணக்கில் போய்வந்த கடைகளில்கூட என் பேர் தெரியாது. 'ஃபிரிட்ஜுக்காரர் வந்துட்டார்' என்பார்கள். இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். நிலையாக ஓரிடத்தில் இல்லாத உத்தியோகம் என்று இரண்டும் தட்டிப்போயின. அதற்குப் பிறகு பார்க்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அறையில் படுத்துக்கொண்டு, எந்த ரயில் நிற்கிறது, எந்த ரயில் நிற்காமல் போகிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

கோதண்டம் மட்டும்தான் விதிவிலக்கு. பஜாரில் மருந்துக்கடை வைத்திருந்தான். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். என் வயதுதான். முதல் தடவை அவன் கடைப் பெட்டிக்கு ரிலே மாற்றப் போனபோது, "ஏகாம்பரம், துன்னியா?" என்று பேர் சொல்லிக் கேட்டான். ஜாப் கார்டில் பார்த்துப் படித்திருக்கிறான். கொஞ்ச நாளில் 'பாவா' என்று கூப்பிட ஆரம்பித்தான்.

"எனக்கு அக்கா இருந்திருந்தா உனக்குத்தான் கட்டிக் குடுத்திருப்பேன். இல்லாதது என் தப்பா? நீ பாவாதான்" என்பான்.

மதியம் ஒரு மணிக்குக் கடையைப் பாதி இறக்கிவிட்டு நான்கு மணிக்குத் திறப்பான். ஊரில் இருக்கிற நாளெல்லாம் அந்த நேரத்துக்குப் போய்விடுவேன். அவன் வீட்டுக் கேரியரில் எனக்கும் சேர்த்து வந்திருக்கும். ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பேசிக்கொண்டோ பேசாமலோ இருப்போம். அந்த ஊரில் நான் வேலையில்லாமல் போய் உட்கார்ந்த ஒரே இடம் அது.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடிக் கிருத்திகை. அந்த வாரம் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. காவடிக் கூட்டம் வருவதற்கு முன் எல்லாக் கடைக்காரருக்கும் பெட்டி ஓட வேண்டும். அந்த நேரம் பார்த்துக் கோதண்டத்தின் பெட்டி நின்றுபோயிற்று. தெர்மோஸ்டாட் போயிருந்தது. அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று போய், ஃப்ரீசர் தகட்டில் ஒரு கிளிப்பால் அழுத்திப் பிடிக்கப்பட்டிருக்கும். தகடு எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது அந்தக் குழாய்க்குத் தெரிந்தால்தான் கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லும். புதிது மாட்டினேன். கிளிப்பை முடுக்கும்போது ஸ்குரூ சுற்றிக்கொண்டே இருந்தது, மரை போய்விட்டது. அளவுக்கு ஒரு ஸ்குரூ பையில் இல்லை. குழாயைத் தகட்டோடு சேர்த்து இன்சுலேஷன் டேப்பால் சுற்றினேன். அடுத்த வாரம் ஸ்குரூ கொண்டுவந்து போட்டுக்கொள்ளலாம், தினமும் வருகிற கடைதானே என்று நினைத்தேன். வெளியே மூன்று கடைக்காரர்கள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். 'பார்க்காமல் விட்டது' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த வாரம் ஸ்குரூ ஞாபகம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தினமும் போய் உட்கார்ந்தேன். அந்தப் பெட்டியிலிருந்துதான் கோதண்டம் எனக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பான். பல் கூசும்.

"எப்படி? உன் கம்பெனிப் பெட்டி ஐஸ் மாதிரி குடுக்குது பார் பாவா" என்பான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மருந்து வைக்கிற பெட்டியில் தண்ணீர் ஏன் இவ்வளவு குளிர வேண்டும் என்று இத்தனை வருட மெக்கானிக்குக்குத் தோன்றவில்லை.

மாசி மாதம். ஒரு மதியம் ஷட்டரைக் குனிந்து கடந்து ஒருவர் உள்ளே வந்தார். அம்மையார்குப்பத்து நெசவாளி, முனுசாமி என்று பேர். மனைவி சரோஜாவுக்குச் சர்க்கரை வியாதி, மாதம் தவறாமல் இன்சுலின் வாங்க வருவார். கம்பவுண்டரிடம் கற்றுக்கொண்டு அவரே ஊசி போடுவார்.

"டாக்டர் அளவ ஏத்திட்டாரு. போன மாசமும் ஏத்துனாரு. இப்ப மொதல்ல போட்டதுக்கு டபுள்" என்றார்.

"இறங்கவே இல்லியா?" என்று கோதண்டம் கேட்டான்.

"எங்க எறங்குது? கால்ல புண்ணு ஆறல. கண்ணு மங்கலா கீதுன்றா. டாக்டரு சத்தம் போடறாரு, திருட்டுத்தனமா துன்னுகினு இருந்தா எப்படி எறங்கும்ன்றாரு. எங்கம்மா வெல்ல டப்பாவுக்குப் பூட்டு போட்டுக்கினா. கேட்டா, நான் துன்னலன்னு அழுவுறா. மலைக்குப் போனப்ப பஞ்சாமிர்தம் துன்னான்னு எங்கம்மா சொல்றா. நான் யார நம்பறது?"

கோதண்டம் பெட்டியைத் திறந்து, ஃப்ரீசருக்கு நேர் கீழே கடைசியில் வைத்திருந்த இன்சுலினை எடுத்துக் கொடுத்தான். முனுசாமி வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் கையில் போன அட்டைப் பெட்டியை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் அடிப்பக்கம் நெளிந்திருந்தது. அட்டை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தால்தான் அப்படி நெளியும். மருந்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் தண்ணீரைப் பற்றித் தெரியும். உறைந்து உருகாமல் அந்த இடத்தில் தண்ணீர் வர வழியில்லை.

"அத்த எப்பவும் அங்கதான் வைப்பியா?"

"ஆங். ஒசந்த மருந்து. நல்லா ஜில்லுனு இருக்கிற எடத்துல வைக்கணும்ல."

ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு அந்த இடத்தில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது அளவு சரியாகத்தான் இருந்தது. பகலில் கதவைத் திறந்து திறந்து மூடுகிறார்கள், நடுநடுவே கரண்ட் போகிறது, அதனால் சரியாக இருக்கலாம். கதவையே திறக்காத நேரத்தில் என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். மறுநாள் ஞாயிறு, கடை விடுமுறை. அன்று ராத்திரி மூடும்போது டம்ளரை வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். திங்கட்கிழமை காலை அவன் ஷட்டரைத் தூக்கும்போது பக்கத்திலேயே நின்றேன். டம்ளர் தண்ணீர் அடிவரை கட்டியாகியிருந்தது. டம்ளரைக் கவிழ்த்தேன், விழவில்லை.

பெட்டிக்குள் கையை விட்டேன். டேப்பின் பசை ஈரத்தில் விட்டுப்போய், குழாய் தகட்டைவிட்டு விலகி அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. தகட்டின் குளிர் அதற்குத் தெரியவே தெரியாது. நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் கம்ப்ரசர் ஏழு மாதமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கோதண்டம் மீதியிருந்த இன்சுலின் பாட்டில் ஒன்றை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டினான். பால் மாதிரி ஒன்றாகக் கலங்க வேண்டிய மருந்து, திரிந்த மோர் மாதிரி துகள் துகளாகக் கண்ணாடியில் ஒட்டி நின்றது. அவனுக்கு விளங்கிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டான்.

"கிளிப் போடாம டேப் சுத்தினேன். என் தப்பு" என்றேன்.

பாட்டிலை அட்டைக்குள் திருப்பி வைத்தான். பிறகு சொன்னான்: "இத்த வெளிய சொல்லாத பாவா. மருந்துக்கடைக்கு ஒரு தடவ பேர் கெட்டா கெட்டதுதான். லைசென்ஸ் இன்னா ஆவும்னு நெனச்சிப் பாரு. அந்த ஆளக் கூப்ட்டுப் புது பாட்டில் குடுத்துடறேன். பழசெல்லாம் கொட்டிடலாம். நீ பெட்டிய சரி பண்ணு. அவ்ளோதான்."

பெட்டியைச் சரி பண்ணினேன். புது ஸ்குரூ, புது கிளிப். ஐந்து நிமிட வேலை.

மறுநாள் காலை ரயிலில் சென்னைக்குப் போய் மாசிலாமணி சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார். எழுந்து போய் ஆடி மாதத்துக் கட்டிலிருந்து அந்த ஜாப் கார்டைத் தேடி எடுத்து என் முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்து கொடுத்தார். 'இல்லை' என்பதை நானே அடித்து, 'குழாயின் கிளிப்' என்று நானே எழுத வேண்டும் என்றார். எழுதினேன். கீழே திருத்திய நாளின் தேதியைப் போடச் சொன்னார்.

"பெட்டி இப்ப சரியா ஓடுதா?"

"ஓடுது சார்."

"கடைக்காரர் மருந்தை மாத்திக் குடுத்துட்டாரா?"

"குடுத்துடறேன்னார் சார்."

"அப்ப நம்ம வேலை முடிஞ்சுது. கார்டு ஃபைல்ல இருக்கும். நீ வெளியில யார்கிட்டயும் போய்ச் சொல்லணும்னு இல்ல. கம்பெனி பேரு இருக்கு." இதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். உண்மையை எழுத வைக்கத் தெரிந்த மனிதர். அந்த உண்மை அலமாரிக்குள் இருந்தால் போதும் என்று அவர் நினைத்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

திரும்பி வரும் ரயிலில் முனுசாமி சொன்னது ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. அளவு டபுள் என்றார். வோல்டேஜ் குறைவான கடைகளில் ஸ்டெபிலைசரை ஏற்றி வைப்பார்கள். பிறகு ஒருநாள் கரண்ட் முழுசாக வரும்போது இறக்க மறந்திருந்தால் மோட்டார் எரிந்துபோகும். எத்தனையோ மோட்டார் அப்படிப் பார்த்திருக்கிறேன். செத்த மருந்துக்காக ஏற்றிய அளவு அது. இப்போது உயிருள்ள மருந்தை அதே அளவில் போட்டால்?

மறுநாள் காலை கோதண்டம் கடை திறந்ததும் போய் நின்றேன்.

"பாட்டில் குடுத்துட்டியா?"

"நேத்தே வந்து வாங்கிகினு போனார்."

"அளவக் கொறைக்கச் சொன்னியா?"

முனுசாமியிடம் எதுவுமே சொல்லாமல்தான் பாட்டிலைக் கொடுத்திருக்கிறான். சொன்னால் காரணமும் சொல்ல வேண்டியிருக்கும். அவன் முகம் வெளுத்ததைப் பார்த்தேன். அவனுக்கும் அந்த நிமிடம்தான் உறைத்திருக்க வேண்டும். "பாவா, இரு" என்றான். நான் அதற்குள் இறங்கிவிட்டேன்.

சரோஜாவைப் பார்க்கிற டாக்டரிடம் வரிசையைத் தாண்டிப் போய்ச் சொன்னேன். அவர் கையிலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை மேஜையில் வைத்துவிட்டுக் கேட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், படவில்லை. சீட்டில் பழைய அளவை எழுதி, கீழே கோடு போட்டார். "இன்னிக்கும் ஊசி போட்டிருப்பாங்க. வேர்த்துக் கொட்டினாலோ உளறினாலோ உடனே சர்க்கரை குடுக்கணும். யோசிக்கவே கூடாது. முழுங்க முடியலன்னா வண்டி பிடிச்சு இங்க கொண்டு வாங்க. ஓடுங்க" என்றார்.

அம்மையார்குப்பத்துக்கு டவுன் பஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். கருவிப் பை இல்லாமல் நான் அந்த வழியில் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

தெருவில் எல்லா வீட்டிலும் தறிச் சத்தம். முனுசாமி வீட்டில் மட்டும் சத்தமில்லை. உள்ளே பாயில் சரோஜா கிடந்தார். புடவை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. ஏதோ நூல் கணக்கை உளறிக்கொண்டிருந்தார். மாமியார் விசிறிக்கொண்டிருந்தார்.

"நேத்து புது மருந்து போட்டதுலேர்ந்தே ஒரு மாதிரியா இருந்தா. காலையிலயும் அதான் போட்டோம். ஒரே ஒரு இட்லிதான் துன்னா. அதிலிருந்து இப்படி" என்றார் முனுசாமி.

"சர்க்கரை குடுங்க. வெல்லம் இருந்தா கரைச்சுக் குடுங்க. சீக்கிரம்."

மாமியார் விசிறியை நிறுத்தினார். "சக்கரயா? அத்த துன்னுட்டுத்தான்யா இந்தக் கதி. நீ யாரு?"

நான் யார் என்று சொல்ல நேரமில்லை. டாக்டர் சீட்டை முனுசாமி கையில் கொடுத்தேன். படித்தார். என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் பக்கம் கையை நீட்டி, "சாவியக் குடு" என்றார். அந்த அம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுக்கவில்லை. முனுசாமி அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்துத் தரையில் ஓங்கி அடித்தார். இரண்டாவது அடியில் மூடி கழன்றது.

வெல்லத்தை டம்ளரில் கரைத்து, தலையைத் தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு வாயாகக் கொடுத்தோம். முதலில் பாதி வழிந்தது. பிறகு விழுங்கினார். கால் மணி நேரத்தில் வியர்வை நின்றது. புடவைத் தலைப்பைத் தேடி இழுத்துவிட்டுக்கொண்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு நான் சொன்னேன். ஃபிரிட்ஜ் மெக்கானிக் என்றேன். டேப் சுற்றியதை, ஸ்குரூ போடாததை, மருந்து உறைந்துபோனதைச் சொன்னேன். தெர்மோஸ்டாட் என்ற வார்த்தையைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தேன். "இத்தினி மாசம் நீங்க போட்டுகினது மருந்தே இல்லம்மா. பாதி செத்த மருந்து. அதனாலதான் எறங்கல. உங்க மேல ஒரு தப்பும் இல்ல."

பக்கத்து வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சரோஜா என்னைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தார்.

"நான் துன்னலன்னு சொன்னேன் இல்ல?" என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. முனுசாமி தலையைக் குனிந்துகொண்டார். மாமியார் எழுந்து, தரையில் சிதறிய வெல்லத்தைப் பொறுக்க ஆரம்பித்தார்.

பிறகு சரோஜா என்னைக் கேட்டார். "எப்பலேர்ந்து?"

"ஆடியிலேர்ந்தும்மா. ஏழு மாசம்."

"ஏழு மாசம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டார். நன்றியும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

முனுசாமி பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோது, "நீங்க வந்து சொல்லாம இருந்தா எங்களுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதுங்க" என்றார். அவர் அதை எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

அன்று சாயங்காலம் கடைக்குப் போனேன். சரோஜா பிழைத்துக்கொண்டார், டாக்டருக்கும் அவர்களுக்கும் எல்லாம் சொல்லிவிட்டேன் என்றேன். கோதண்டம் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தான். "பொழச்சிக்கினா சரி" என்றான். பிறகு, "நீங்க கெளம்புங்க, கஸ்டமர் நிக்கிறாங்க" என்றான். என்னை அவன் நீங்க என்று சொன்னது அப்போதுதான்.

விஷயம் ஊரில் பரவியது. லைசென்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரு அதிகாரி வந்து விசாரித்து, எழுதிக்கொண்டு போனார். ஆனால் கொஞ்ச காலம் ஜனங்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். கோதண்டம் என் கம்பெனிக்குக் கடிதம் போட்டு வேறு ஆளை அனுப்பச் சொன்னான். அரக்கோணத்திலிருந்து ஒருவர் வந்து அந்தப் பெட்டியைப் பார்த்தார். கம்பெனியில் என் சம்பள உயர்வை ஒரு வருடம் நிறுத்தினார்கள். அது நியாயம்தான். மதியச் சாப்பாட்டை ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துக்கொண்டேன். நான் செய்த தப்புக்காக அவன் என்னை ஒதுக்கியிருந்தால் எனக்குச் சமாதானமாக இருந்திருக்கும். தப்பைச் சொன்னதற்காகத்தான் ஒதுக்கினான். ஏழு மாதத்துத் தப்பை அவன் ஒரே நிமிடத்தில் மன்னித்திருந்தான்.

டாக்டரிடம் பின்னால் ஒருதரம் கேட்டேன். மருந்து முழுதாகச் செத்துவிடவில்லை, மிச்சம் கொஞ்சம் உயிர் இருந்ததால்தான் அந்த அம்மாள் தாங்கினார் என்றார். காலில் ஒரு விரலை எடுக்க வேண்டியிருந்தது என்றும் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

மூன்று வருடம் கழித்து, எண்பதுகள் தொடங்கும் சமயம், ஒரு கிருத்திகை நாள். பள்ளிப்பட்டு போக பஜாரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். எதிரே கோதண்டத்தின் கடையில் கூட்டம். பழையபடி வியாபாரம் திரும்பியிருந்தது. மலையிலிருந்து இறங்கி வந்த ஒரு பெண் படியேறினார். லேசாகச் சாய்ந்து நடந்தார். நெற்றி நிறைய விபூதி. சரோஜாதான். அந்தக் கடையைவிட்டு அவர்கள் போகவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கோதண்டம் பெட்டியைத் திறந்து, நடுத்தட்டிலிருந்து பாட்டிலை எடுத்தான். அட்டையிலிருந்து வெளியே எடுத்து, உள்ளங்கையில் உருட்டி, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். சரோஜா குனிந்து, கண்ணைச் சுருக்கி, நன்றாகப் பார்த்தார். அவசரப்படுத்தாமல் அவன் பிடித்துக்கொண்டே நின்றான். மாதாமாதம் இப்படித்தான் நடக்கிறது போலிருந்தது. அவர் தலையசைத்ததும் பொட்டலம் கட்டிக் கொடுத்தான்.

திரும்பும்போது சரோஜா என்னைப் பார்த்துவிட்டார். ஒரு நிமிடம் நின்றார். பிறகு கடைப்பக்கம் திரும்பி, என்னைக் காட்டி அவனிடம் ஏதோ சொன்னார். தெருச் சத்தத்தில் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கோதண்டம் தலையைத் தூக்கி என் பக்கம் பார்த்தான். நான் கையைத் தூக்கலாமா என்று நினைப்பதற்குள், அடுத்த ஆள் நீட்டிய சீட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்துவிட்டான்.